கூடைக் கயிறும் காட்சிக்கூடமும்: வாசகர் கேள்வி பதில்

இரண்டு இதழ்களுக்கு முன்னர், கொழும்பில் ஒரே நாளில் பார்த்த மூன்று ஓவியக் கண்காட்சிகளைப் பற்றி இப்பகுதியில் எழுதியிருந்தேன். அவற்றுள் ஒன்று, தேயிலைத் தோட்டங்கள் நிறைந்த மலையகத்தை வரைந்த இளைஞர் ஒருவருடையது என்றும், அது எனக்கு ஏமாற்றத்தையே தந்தது என்றும் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிதான் இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவற்றைக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. சில கடிதங்கள் கோபமானவை, சில வெறும் ஐயங்கள். ஒத்த கேள்விகளை ஒன்றாக்கி, ஊரை மட்டும் குறிப்பிட்டுப் பதில் தருகிறேன்.

கேள்வி: நான் தோட்டப் பாடசாலையொன்றில் ஆரம்பப் பிரிவு ஆசிரியை. ஒரு முறையாவது இத்தகைய கண்காட்சிக்குப் போகவேண்டும் என்று ஆசை. ஆனால் உள்ளே நுழைந்தால் என்ன வாங்க வந்தீர்கள் என்று கேட்பார்களோ என்ற கூச்சம் தடுக்கிறது. கட்டணம் உண்டா? போனால் எப்படிப் பார்ப்பது? (ஹட்டன் வாசகி)

பதில்: உங்கள் கூச்சத்தை நான் சிரித்துத் தள்ளமாட்டேன், ஏனெனில் எனக்கும் அது இருந்தது. முப்பது ஆண்டுகளுக்கு முன், சித்திர ஆசிரியராக நியமனம் பெற்ற புதிதில், இரவு ரயிலில் கொழும்புக்குப் போய், கோட்டை நிலையத்தில் முகம் கழுவிக்கொண்டு, கையில் நனைந்த குடையோடு ஒரு காட்சிக்கூடத்துக்குள் நுழைந்தேன். வாசலில் இருந்தவர் யாரைப் பார்க்கவேண்டும் என்று கேட்டார். படங்களைப் பார்க்கவேண்டும் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார், பிறகு குடையைப் பார்த்தார், பிறகு சப்பாத்தைப் பார்த்தார், அதன் பின்னர்தான் வழிவிட்டார். ஐந்தாறு நிமிடங்களில் முழுக் கூடத்தையும் சுற்றிவிட்டு வெளியே வந்து, எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீ குடிக்கும்போது யோசித்தால், ஒரு படம்கூட நினைவில் இல்லை. மெருகிட்ட தரையில் என் சப்பாத்து பதித்த ஈரத் தடங்கள் மட்டுமே நினைவில் இருந்தன. அன்று நான் படங்களைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

கட்டணத்தைப் பொறுத்தவரை கவலை வேண்டாம். விற்பனைக்காகப் படங்களை மாட்டும் தனியார் கூடங்களில் பார்வையிடக் கட்டணம் வாங்கும் வழக்கம் இல்லை. புடைவைக் கடையில் இருபது சேலைகளை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்துவருவதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும். இங்கே எல்லாம் ஏற்கெனவே விரித்துத்தான் மாட்டியிருக்கிறது, உங்களுக்காக ஒருவரும் சிரமப்படவில்லை. விலைப் பட்டியலைக் கேட்டு வாங்கிப் பார்ப்பதும் தவறில்லை. விலையைக் கண்டு அதிர்ச்சியடைவதும் அனுமதிக்கப்பட்டதே.

முதல் தடவை போகிறவர்களுக்கு நான் சொல்லும் இடம், இலங்கை நவீன மற்றும் சமகாலக் கலை அருங்காட்சியகம். 2019 டிசம்பரில் தொடங்கப்பட்ட இந்நிறுவனம், 2022 முதல் கொள்ளுப்பிட்டியில் உள்ள கிரெஸ்கட் வணிகக் கட்டடத்தின் தரைத்தளத்தில் இயங்கிவருகிறது. நுழைவு இலவசம். இதைவிட முக்கியமானது, சுவரில் உள்ள விளக்கக் குறிப்புகள் தமிழிலும் இருக்கும் என்பதாகும். ஆங்கிலம் மட்டும் எழுதப்பட்ட சுவரின் முன் நின்று பழகிய எனக்கு, சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் சமமான அளவில் நம் எழுத்தைக் கண்டபோது, படத்தை மறந்து அந்த எழுத்தையே சிறிது நேரம் பார்த்துக்கொண்டு நின்றது நினைவிருக்கிறது. கண்காட்சிகள் மாறும் இடைவெளியில் மூடியிருப்பார்கள் என்பதால், பஸ் ஏறுமுன் தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து அதிக தூரமில்லாத பார்ன்ஸ் பிளேஸில் சபுமால் மன்றம் இருக்கிறது. 1943இல் உருவான '43 குழு என்னும் நவீன ஓவியர் அமைப்பைச் சேர்ந்தவர்களுள் ஒருவரான ஹரி பீரிஸ் வாழ்ந்த வீடு அது. வீடாகவே இருப்பதால் அங்கே கூச்சம் வருவதில்லை. கூட்டத்தோடு கூட்டமாகப் பார்க்க விரும்பினால், 1993 முதல் ஆண்டுதோறும் ஆனந்த குமாரசுவாமி மாவத்தையின் மரநிழலில் நடந்துவரும் ‘கலா பொல’ என்னும் ஓவியச் சந்தை இருக்கிறது. பெயருக்கேற்ப அது சந்தைதான். வரைந்தவரே படத்தின் அருகில் முக்காலி போட்டு உட்கார்ந்திருப்பார், பேசலாம், பேரமும் பேசலாம்.

எப்படிப் பார்ப்பது என்று கேட்டீர்கள். முதலில் எதையும் வாசிக்காமல் ஒரு சுற்று வேகமாக வாருங்கள். பிறகு உங்களைத் தடுத்து நிறுத்திய ஒரு படத்துக்கு மட்டும் திரும்பிப் போங்கள். அது பிடித்த படமாக இருக்கவேண்டியதில்லை, எரிச்சலூட்டிய படமாகவும் இருக்கலாம். அதன் முன் பத்து நிமிடம் நின்று, ஒரே ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள்: இதை வரைந்தவர் எங்கே நின்றுகொண்டு வரைந்திருக்கிறார்? மேட்டில் நின்றா, பள்ளத்தில் நின்றா, வீட்டுக்குள் இருந்தா, வாகனத்தின் கண்ணாடி வழியாகவா? இதற்கு விடை கிடைத்துவிட்டால் படத்தின் பாதி கையில் வந்துவிடும். பெயரட்டையையும் விளக்கத்தையும் அதற்குப் பிறகே வாசியுங்கள். முதலிலேயே வாசித்தால், அதில் சொன்னவற்றைப் படத்தில் தேடிச் சரிபார்க்கும் வேலைதான் நடக்கும். நாம் ஆசிரியர்கள், விடைத்தாள் திருத்தும் பழக்கம் நம்மை எளிதில் விடுவதில்லை.

கேள்வி: கொழும்பில் ஒரு கண்காட்சியில் தேத்தண்ணீர் வடிகளை வரிசையாகச் சுவரில் தொங்கவிட்டு, கறை படிந்த தேயிலைப் பைகளை ஒட்டிவைத்திருந்தார்கள். என் மனைவி, இதை நம் வீட்டு அடுப்படியிலேயே பார்த்திருக்கலாமே, பஸ் காசு மிச்சம் என்றாள். என்னாலும் மறுக்க முடியவில்லை. இது எப்படி ஓவியமாகும்? (பண்டாரவளை வாசகர்)

பதில்: உங்கள் மனைவியார் கலைவிமர்சனத்தின் மிக முக்கியமான கேள்வியைக் கேட்டிருக்கிறார். அடுப்படியில் ஒவ்வொரு நாளும் இருக்கும் பொருளை ஏன் கொழும்புச் சுவரில் பார்க்கவேண்டும்? அதற்கு என்னிடம் உள்ள விடையைச் சொல்கிறேன், அவருக்குத் திருப்தியளிக்குமா என்பது தெரியாது.

முதலில் மலையகத்துக்கு வெளியே உள்ள ஓர் எடுத்துக்காட்டு. போர்க்காலத்தில் பயணம் செய்த எவருக்கும் சோதனைச்சாவடிகளின் எண்ணெய்ப் பீப்பாய்கள் நினைவிருக்கும். அவற்றுக்கு இராணுவ உடையின் திட்டுத்திட்டான வண்ணம் பூசி, வீதியின் குறுக்கே வைத்திருப்பார்கள். நாம் அதைச் சுற்றி வளைந்து போனோம், அடையாள அட்டையைக் காட்டினோம், மீண்டும் ஏறி உட்கார்ந்தோம். சந்திரகுப்த தேனுவர என்ற ஓவியர் 1990களின் பிற்பகுதியில் அந்தப் பீப்பாய்களையே காட்சிக்கூடத்துக்குள் கொண்டுவந்து வைத்தார். அந்த வழியிலான தம் ஆக்கங்களுக்குப் பீப்பாயின் பெயரையே சூட்டி, அதை ஒரு கலைக்கொள்கையாகவே ஆக்கினார். வீதியில் இருந்தபோது அது தடை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க ஒருவருக்கும் துணிவும் இல்லை, நேரமும் இல்லை. கூடத்துக்குள் வந்தபோதுதான், ஒரு நாடே இந்தத் தகரத்தைச் சுற்றி வளைந்து நடந்துகொண்டிருக்கிறது என்பதை நின்று பார்க்க முடிந்தது. பொருள் அதேதான், பார்ப்பதற்குக் கிடைத்த அவகாசம்தான் வேறு.

இனி வடிக்கு வருவோம். நீங்கள் பார்த்தவை யாருடைய ஆக்கங்கள் என்று எழுதவில்லை. தேயிலைச் சாயத்தையும் தேயிலைப் பைகளையும் வடிகளையும் தம் கலைக்கு ஊடகமாக்கியவர்களுள் முதலில் நினைவுக்கு வருபவர், ஹட்டனில் பிறந்து யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை பயின்ற ஹனுஷா சோமசுந்தரம். அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற மற்றொரு மலையக ஓவியரான அருள்ராஜ் உலகநாதனும் தேயிலையோடு பிணைந்த உடல்களை வரைந்துவருகிறார். இவர்களுடைய ஆக்கங்களைப் பார்க்கும்போது, தேயிலை என்பது தொலைவிலிருந்து வரையவேண்டிய பச்சை நிறம் அல்ல, கைரேகையில் படிந்து சவர்க்காரத்துக்கும் போகாத கறை என்பது எனக்கு முதலில் தோன்றியது. கொழுந்து எடுக்கும் பெண்ணின் விரலைப் பாருங்கள். பெருவிரலிலும் சுட்டுவிரலிலும் கறுப்பு ஏறியிருக்கும். அந்தக் கறையை எண்ணெய் வண்ணத்தால் வரைவதைவிட, கறையாலேயே வரைவது நேர்மையானது என்று ஓர் ஓவியர் நினைத்தால் அதில் வியப்பென்ன?

வடி என்ன செய்கிறது? சாயத்தைக் கீழே விடுகிறது, சக்கையைத் தன்னிடம் வைத்துக்கொள்கிறது. சாயம் எங்கே போகிறது, சக்கை யாரிடம் தங்குகிறது என்று நம் ஆட்களுக்கு விளக்கவேண்டியதில்லை. நல்ல தூள் கப்பலேறிப் போக, தோட்டத்து அடுப்பில் கொதிப்பது பெரும்பாலும் டஸ்ட் எனப்படும் பொடித்தூள் என்பதை அறிந்தவர் ஒருவர், வரிசையாகத் தொங்கும் வடிகளின் முன் நின்றால், அவை காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்கு வரிசையில் நிற்கும் ஆட்களாகத் தெரிவதற்கு அதிக நேரம் எடுக்காது. எனக்கு அப்படித்தான் தெரிந்தது. அருகில் நின்ற கொழும்பு இளைஞர் ஒருவர் அவற்றின் வட்டங்களை நிலவுகள் என்று தம் தோழியிடம் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் சொன்னதிலும் தவறில்லை. ஆனால் அந்த அறையில், அவருக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்தது என்ற எண்ணம் வந்தபோது, முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய ஈரச் சப்பாத்து முதன்முறையாக உலர்ந்தது போலிருந்தது.

இப்படிச் சொல்வதனால், அடுப்படிப் பொருளைச் சுவரில் மாட்டினால் எல்லாம் கலையாகிவிடும் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளவேண்டாம். வெறும் வடியை வைத்துவிட்டு, பக்கத்தில் இரண்டு பக்க விளக்கத்தை ஒட்டி, அந்த விளக்கத்தையே கலையாக விற்கும் கண்காட்சிகளையும் பார்த்திருக்கிறேன். எனக்கு ஓர் எளிய சோதனை உண்டு. விளக்கத்தைக் கையால் மறைத்துவிட்டு, பொருளை மட்டும் பார்ப்பேன். அந்தப் பொருள் தானாக ஏதேனும் பேசுகிறதா? பேசவில்லையென்றால், உங்கள் மனைவியார் சொன்னதுதான் சரி, பஸ் காசு மிச்சம்.

யாழ்ப்பாணத்து ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட தொகுப்பு ஒன்று இச்சோதனையில் வெகு எளிதாகத் தேறும். போரினால் வீடிழந்தவர்கள் தம் வீட்டின் நிலப்படத்தை நினைவிலிருந்து தாமே வரைந்த கோடுகள் அதில் இருக்கின்றன. வரைந்தவர்கள் ஓவியர்கள் அல்லர், கோடுகள் கோணலானவை. ஆனால் கிணறு எங்கே, மாமரம் எங்கே என்று அவர்கள் குறித்திருக்கும் விதத்தில், விளக்கமின்றியே அந்த வீடு இப்போது இல்லை என்பது புரிந்துவிடும். எங்கே நின்று வரைந்தார் என்ற என் கேள்விக்கு, வேறெங்கோ நின்றுகொண்டு, தம் வீட்டுக்குள் நின்று வரைந்தார் என்பதே அங்கே விடை.

கேள்வி: கண்டியில் இருக்கும் எங்களுக்கு எல்லாவற்றுக்கும் கொழும்புதானா? இங்கே பார்க்க ஒன்றுமே இல்லையா? (கண்டி, பல்கலைக்கழக மாணவர்)

பதில்: தொடர்ந்து இயங்கும் சமகாலக் கூடம் என்ற அளவில் கண்டி வறுமைப்பட்டதுதான், இவ்வளவு வரலாறும் இவ்வளவு மாணவரும் உள்ள நகரத்துக்கு அது ஒரு குறையே. அலியான்ஸ் பிரான்சேஸ் போன்ற இடங்களில் அவ்வப்போது நடக்கும் சிறு கண்காட்சிகளைக் கவனித்துக்கொண்டிருக்கவேண்டும். ஆயினும், சமகால ஓவியத்தைப் பார்க்கப் பழகவேண்டிய கண்ணுக்குக் கண்டியில் நல்ல பள்ளிக்கூடங்கள் உண்டு.

ஒன்று, தெகல்தொருவ குகை விகாரை. கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்க மன்னன் காலத்தைச் சேர்ந்த, சிவப்புப் பின்புலத்தில் பட்டை பட்டையாகப் புத்தரின் முற்பிறவிகளைப் பற்றிய ஜாதகக் கதைகளைச் சொல்லும் சுவரோவியங்கள் அங்கே உள்ளன. ஒரே மனிதர் ஒரே பட்டையில் நான்கு தடவை வருவார். காலம் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ நடந்துபோகும். ஓரிடத்தில் நின்று ஒரு கணத்தைப் பிடிப்பதுதான் ஓவியம் என்ற நம் பாடசாலைப் பழக்கத்தை அந்தச் சுவர் உடைத்துவிடும். அங்கே வரைந்தவர் ஓரிடத்தில் நிற்கவேயில்லை, கதையோடு நடந்துபோகிறார். திருவிழாக்காலத்தில் தோட்டங்களில் ஆடும் காமன் கூத்தின் பின்னால், வரிசை வீடுகளான லயங்கள்தோறும் நடந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மற்றொன்று, திரித்துவக் கல்லூரியின் தேவாலயம். கண்டி அரசர்களின் மண்டபத்தைப் போலச் செதுக்கிய கற்றூண்களில் நிற்கும் அக்கட்டடத்தில், டேவிட் பெயின்டர் என்ற ஓவியர் 1920களின் இறுதியிலும் 1930களிலும் வரைந்த சுவரோவியங்கள் இருக்கின்றன. கிறிஸ்து சிலுவையில் அறையப்பட்ட காட்சியை அவர் கண்டல் காட்டுச் சதுப்பில் வைத்து வரைந்தார். அவருடைய கிறிஸ்துவுக்குத் தாடி இல்லை. நாம் நாட்காட்டிகளில் பார்த்துப் பழகிய வெள்ளை முகத்தைத் தேடிப் போனால் அங்கே கிடைக்காது. வேற்றுநாட்டுக் கதையை இந்த மண்ணில் நின்றே வரைவேன் என்ற பிடிவாதம் அந்தச் சுவரில் தெரிகிறது. பாடசாலை வளாகம் என்பதால் முன்கூட்டி அனுமதி பெற்றே செல்லவேண்டும். ஓவியர் ஜோர்ஜ் கீற்றும் 1901இல் கண்டியில் பிறந்து இதே கல்லூரியில் படித்தவர்தான். ஆனால் அவருடைய புகழ்பெற்ற சுவரோவியங்களைப் பார்க்க, கொழும்பு பொரளையில் உள்ள கோதமி விகாரைக்குத்தான் போகவேண்டும். உங்கள் முறைப்பாடு நியாயமானது என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

இன்னொரு சான்றும் சொல்கிறேன். கண்டியில் பிறந்த கட்டடக் கலைஞர் மினெட் டி சில்வா கண்டியிலேயே வடிவமைத்த வட்டாப்புளுவ வீடமைப்புத் திட்டத்தைப் பற்றி, மேலே சொன்ன அருங்காட்சியகம் 2023இல் ஒரு கண்காட்சி வைத்தது. 88 ஏக்கர் என்ற நிலப்பரப்பே அதன் தலைப்பிலும் இடம்பெற்றது. நம் ஊரைப் பார்க்க நாம் கொழும்புக்குப் போன விநோதம் ஒருபுறம் இருக்கட்டும். அக்கண்காட்சியில் என்னை நிறுத்தி வைத்தது ஒரு கட்டடமன்று, ஒரு செய்தி. 1950களில் அந்த வீடுகளைத் திட்டமிடும்போது, குடிவரப்போகிறவர்களிடம் வினாக்கொத்து கொடுத்து, உங்களுக்கு எத்தகைய சமையலறை வேண்டும், எப்படி வாழ்கிறீர்கள், உங்கள் வழக்கங்கள் என்ன என்றெல்லாம் மினெட் கேட்டறிந்திருக்கிறார். இனமும் மதமும் வேறான குடும்பங்கள் அவரவர் வழக்கத்துக்கேற்ற வீட்டைப் பெற்றன. அந்த வரைபடங்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தபோது, அதே மலைகளில், பத்தடிக்குப் பன்னிரண்டடி லயத்துக் காம்பராவில் பிறந்து வளர்ந்த எனக்கு, எங்கள் லயத்தைக் கட்டியவர் என் பாட்டியிடம் இப்படி ஒரு தாளை நீட்டியிருந்தால் அவள் என்ன எழுதச் சொல்லியிருப்பாள் என்ற யோசனை வந்தது. முன்திண்ணையான இஸ்தோப்பை இன்னும் இரண்டடி நீட்டச் சொல்லியிருப்பாள் என்றே நினைக்கிறேன். மழைக்காலத்தில் விறகு அங்கேதான் காய்ந்தது. கண்காட்சி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, சொல்லவேண்டிய கடமையும் அதற்கு இல்லை. ஆனால் நல்ல கண்காட்சியில் நாம் பார்ப்பதில் பாதி சுவரில் இருப்பதில்லை.

கேள்வி: எங்கள் புதிய வீட்டின் முன்னறையில் மாட்ட, கொழுந்து பறிக்கும் பெண்ணின் ஓவியம் ஒன்றை வாங்கினோம். என் மகன், இது சுற்றுலாப் பயணிகளுக்கு விற்பது என்று கேலி செய்கிறான். அதை மாட்டுவது தவறா? (நுவரெலியா வாசகி)

பதில்: உங்கள் சுவர், உங்கள் காசு, தவறு ஒன்றும் இல்லை. ஆனால் மகனின் கேலியைச் சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது. படத்தை இறக்கி மடியில் வைத்துக்கொண்டு, கூடைக் கயிறு தலையில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். பாரம் ஏறிய கயிறு உச்சந்தலையில் அழுந்தி, கழுத்தை முன்னால் தள்ளும். கடை ஓவியங்கள் பலவற்றில் கூடை பூக்கூடையைப் போல இடுப்பில் இருக்கும், அல்லது கயிறே இல்லாமல் முதுகில் மிதக்கும். உடுப்பைக் காக்க இடுப்பில் படங்கு கட்டியிருக்கிறாளா? பல தோட்டங்களில் ஒரு நாள் பேருக்கு 18 கிலோ அளவில் கொழுந்து நிறுக்கவேண்டும். அந்தப் பாரம் முதுகில் தெரிகிறதா, அல்லது ஓவியரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நிற்கிறாளா? இவை எல்லாம் தவறியிருந்தால், வரைந்தவர் பாதை வளைவில் வாகனத்தை நிறுத்திப் பார்த்தவர் என்று அறியலாம். அப்போதும் பச்சை நிறம் அழகாக இருந்தால் மாட்டிக்கொள்ளுங்கள், மகனிடம் இது பாதை வளைவின் ஓவியம் என்று சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கண்காட்சியில் கைத்தொலைபேசியால் படம் பிடிக்கலாமா? (தலவாக்கலை வாசகர்)

பதில்: கேட்டுவிட்டுப் பிடிக்கலாம், பல இடங்களில் மின்னொளியைத் தவிர்க்கச் சொல்வார்கள். பிடித்த படத்தை வீட்டில் திரும்பிப் பார்த்தவர் எவரையும் நான் இதுவரை சந்திக்கவில்லை.

கேள்வி: மகன் உயர்தரத்தில் சித்திரம் எடுத்திருக்கிறான். ஓவியர் ஆவேன் என்கிறான். சோறு போடுமா ஐயா? (மாத்தளை வாசகர்)

பதில்: பெரும்பாலும் போடாது, சித்திர ஆசிரியர் வேலை போடும், எனக்குப் போட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சேர் பொன்னம்பலம் இராமநாதன் ஆற்றுகை மற்றும் காண்பியக் கலைகள் பீடத்திலும், மட்டக்களப்பில் உள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும், கொழும்பில் உள்ள கட்புல, அரங்கேற்றக் கலைகள் பல்கலைக்கழகத்திலும் பட்டக் கற்கைகள் உள்ளன. இன்று பெயர் சொல்லக்கூடிய மலையக ஓவியர்கள் இத்தகைய நிறுவனங்களின் வழியாகவே வந்தார்கள் என்பதை மறந்துவிடவேண்டாம். தோட்டத்திலிருந்து காட்சிக்கூடத்துக்கு நேரே பஸ் இல்லை, யாழ்ப்பாணம் போய்த்தான் கொழும்புக்கு வந்தார்கள். மகனை மறிக்கவேண்டாம். ஒரு காரியம் மட்டும் செய்யுங்கள்: அவன் சேருமுன் இரண்டு கண்காட்சிகளுக்கு அவனோடு நீங்களும் போங்கள். ஓவியம் என்றால் என்ன என்பதைப் பற்றி அப்பாவும் மகனும் ஒரே படத்தின் முன் நின்று சண்டை போட்டால், அது வீட்டில் போடும் சண்டையைவிட ஆரோக்கியமானது.

கேள்வி: மலையகத்திலிருந்து ஒரு பிள்ளை கொழும்பில் கண்காட்சி வைப்பதே பெரிய காரியம். அதைப் பாராட்டாமல், ஏமாற்றமளித்தது என்று நீங்களே எழுதலாமா? நம்மவரை நாமே குறைசொன்னால் மற்றவர் என்ன சொல்வார்கள்? (பதுளை வாசகர், இதே பொருளில் மேலும் பலர்)

பதில்: இக்கடிதங்களை இரண்டு தடவை வாசித்தேன். அவற்றில் உள்ள வலியை நான் மதிக்கிறேன். 2023இல் மலையக மக்கள் இந்நாட்டுக்கு வந்த இருநூறு ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்த நடைபவனியில் வழியில் வந்து சேர்ந்துகொண்டவர்களுள் நானும் ஒருவன். நம்மைப் பற்றி நாமே பேசவேண்டும் என்பதில் உங்களுக்கும் எனக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

அந்தக் கண்காட்சியில் நான் கண்டது இதுதான். இருபதுக்கு மேற்பட்ட படங்கள். எல்லாவற்றிலும் வறண்ட கண்கள், எலும்பு தெரியும் கைகள், அட்டை கடித்த கால்கள், உடைந்த லயங்கள். துயரம் பொய்யென்று நான் சொல்லவில்லை, அதற்குள் பிறந்தவன் நான். ஆனால் ஒவ்வொரு படத்திலும் அந்தப் பெண் பார்வையாளரை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள், கேட்பது போல. அவளுக்கு வேலை இல்லை, பக்கத்து நிரையில் பேச்சுத்துணை இல்லை, கங்காணியைப் பற்றி அடிக்கும் பகிடி இல்லை, கணக்கப்பிள்ளையிடம் நிறுவையில் நின்று போடும் சண்டை இல்லை. பாதை வளைவில் நின்று வரைபவர் அவளைச் சிரிக்க வைக்கிறார். இந்த இளைஞர் அவளை அழ வைக்கிறார். இருவரும் அவளை வாங்குபவருக்கு எதிரே நிறுத்தி வைத்துத்தான் வரைந்திருக்கிறார்கள். லயத்தில் பிறந்த ஒருவர், வரையும்போது மட்டும் காட்சிக்கூடத்தின் வாசலில் போய் நின்றுகொண்டார் என்பதே என் ஏமாற்றம்.

அந்த வரிசையில் ஒரு படம் மட்டும் வேறாக இருந்தது. கதவுக்குப் பக்கத்தில், வெளிச்சம் குறைந்த மூலையில், சிறிய அளவில் மாட்டியிருந்தார்கள். தாய்மார் வேலைக்குப் போகையில் குழந்தைகளை விடும் பிள்ளைக் காம்பராவின் சாளரம்; உள்ளே ஏணையின் ஒரு பகுதி; வெளியே, மிகத் தொலைவில், மலைச்சரிவில் நிற்கும் ஆட்கள் புள்ளிகளாகத் தெரிகிறார்கள். வரைந்தவர் ஏணையில் கிடக்கும் பிள்ளையின் கண் உயரத்தில் நின்றிருக்கிறார். அந்தப் புள்ளிகளில் எது அம்மா என்று தெரியாமல் நான் ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தேன். முந்தைய கட்டுரையில் இப்படத்தைக் குறிப்பிடாமல் விட்டது என் பிழை, அந்த அளவில் உங்கள் கோபம் நியாயமானது. விலைப் பட்டியலில் அதுதான் ஆகக் குறைந்த விலை. நான் போனபோது விற்கப்படாமல் இருந்தது.

குறைசொன்னால் மற்றவர் என்ன சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மற்றவர் ஒன்றும் சொல்வதில்லை என்பதுதான் சிக்கல். கொழும்பு நண்பர்கள் மலையக ஓவியம் என்றதும் தலையை ஒரு பக்கம் சாய்த்து, மிகவும் உருக்கமானது என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறார்கள். கயிறு எங்கே விழவேண்டும் என்று சொல்ல நம்மைத் தவிர ஆள் இல்லை.

கேள்வி: கண்காட்சியில் வைத்திருக்கும் குறிப்புப் புத்தகத்தில் என்ன எழுதுவது? தமிழில் எழுதலாமா? (கினிகத்தேன, பாடசாலை மாணவி)

பதில்: தாராளமாகத் தமிழில் எழுதுங்கள். ‘மிக நன்று’, ‘வாழ்த்துகள்’ என்று எழுதவேண்டாம், ஏனெனில் புத்தகம் முழுவதும் அதுவே இருக்கும். ஒரு படத்தைக் குறிப்பிட்டு, அதில் நீங்கள் கண்ட ஒன்றை எழுதுங்கள். ஒருமுறை அப்படி ஒரு புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, ஆங்கிலப் பாராட்டுகளுக்கு நடுவே பென்சிலால் எழுதிய தமிழ் வரி ஒன்றைக் கண்டேன். ஒரு குறிப்பிட்ட படத்தில் உள்ள தேயிலைச் செடிக்குக் கவ்வாத்து வெட்டு தவறான உயரத்தில் இருப்பதாகவும், அப்படி வெட்டினால் அடுத்த ஆண்டு அது துளிர்க்காது என்றும் யாரோ எழுதியிருந்தார்கள். பெயர் இல்லை, ஊர் மட்டும் இருந்தது. நான் திரும்பிப் போய் அந்தப் படத்தைப் பார்த்தேன். எழுதியவர் சொன்னது சரியாகவே இருந்தது.